மேலே ஏறித் தேடும் மேக்ரோ

வடகோட்டகத்தில் அறுபது மா நடவு அழுகிப்போனதற்குக் காரணம் நெடுமாறன் இல்லை, நான்தான். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க ஆரம்பித்தால் மழை, கரண்ட், விதி என்று எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவேன். வாய் அப்படிப்பட்ட வாய்.

என் பெயர் பிரகதீஸ்வரி. மன்னார்குடியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டே அறைகளில் நடக்கும் கம்பெனியில் வேலை. பள்ளமான ஊர்களில் வயலில் தேங்கும் மழைத் தண்ணீரை இறைத்து வடிகால் ஆற்றில் தள்ளுகிற மோட்டார்களை வைத்து, அவற்றை இங்கிருந்தே கம்ப்யூட்டரில் நடத்துவது எங்கள் தொழில். தண்ணீர் இவ்வளவு ஏறினால் ஓடு, இவ்வளவு இறங்கினால் நில் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாலைந்து வரிதான். மோட்டார் அதைப் படித்து அதன்படி நடக்கும்.

அந்த ஃபைல்களை வாய்க்கால் போகிற போக்கில் அடுக்கியது என் யோசனை. ஆற்றுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வாய்க்கால், அதற்குள் கிளை வாய்க்கால், கடைசியில் ஊர். மேலே இருக்கிற ஃபைலில் ‘நிறுத்து’ என்று எழுதினால் கீழே இருக்கிற அத்தனை ஊர் மோட்டாரும் நிற்கும். மேல் மதகை அடைத்தால் கீழ்மடைக்குத் தண்ணீர் வருமா? அதே கணக்கு. முதலாளி தியாகராசன் சார் இதைக் கேட்டுவிட்டு, “டெல்டாக்காரின்னு காட்டிட்டம்மா” என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர்கள் நூறைத் தாண்டியதும் ஃபைலைத் தேடுவதே பாதி வேலையாகிவிட்டது. ஃபோல்டரைத் திற, அதற்குள் இன்னொன்றைத் திற, தப்பான வாய்க்காலுக்குள் போய்விட்டால் வெளியே வந்து மறுபடி திற. பொறுமை எனக்கும் என் பரம்பரைக்கும் கிடையாது. அதனால் எடிட்டரில் ஒரு மேக்ரோ எழுதினேன். மேக்ரோ என்றால் மந்திரமெல்லாம் இல்லை. பத்துத் தட்டில் செய்கிற வேலையை ஒரே தட்டில் செய்யும்படி எடிட்டருக்குச் சொல்லிவைப்பதுதான். எஃப் ஒன்பதைத் தட்டினால், நான் எந்த ஊர் ஃபோல்டரில் இருக்கிறேனோ அங்கே கான்ஃபிக் ஃபைலைத் தேடும். அங்கே இல்லையென்றால் ஒரு படி மேலே ஏறித் தேடும். அங்கேயும் இல்லையென்றால் இன்னொரு படி. கிடைத்த ஃபைலைக் கண் முன்னால் திறந்து வைக்கும்.

ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுமாறன் மட்டும் தலையைச் சொறிந்தான். அவன் எங்கள் டெக்னீசியன், வயது இருபத்தாறு, வடகோட்டகத்துப் பையன். அவனுடைய அம்மா வேம்பு காலமெல்லாம் அந்த ஊர்ப் பண்ணைகளில் நடவு நட்டவர். இப்போது ஐந்து மா குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறார். வடகோட்டகத்தில் மோட்டார் வைத்தபோது மோட்டார் கொட்டகைச் சாவியை நெடுமாறனிடம் கொடுக்கச் சொல்லி சார் எழுதிக் கொடுத்தார். அவர்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர் கைக்கு ஊர்ப் பொதுச் சாவி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. வேம்பு அம்மா அந்தச் சாவிக்கு மஞ்சள் கயிறு கட்டிக் கொடுத்தாராம். அவன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“அக்கா, மேல ஏறுறப்ப ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறச் சொல்லுங்களேன். எந்த ஃபைலு தொறந்திருக்குன்னு தெரியாம எழுதிட்டா வம்பாயிடும்” என்றான்.

“ஆமா, எனக்கு வேலை கத்துக்குடுக்க வந்துட்டாரு தொரை! போப்பா, போய் பேரிங்குக்கு கிரீஸ் வையி.”

எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அவன் சொன்னது மூன்று வரி வேலை. அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். ஈச்சங்காட்டு விவசாய சங்கத்திலிருந்து போன். “யூரியா போட்டிருக்கோம்மா. மூணு நாளைக்கு எங்க ஊரு மோட்டாரு ஓட வேணாம். போட்ட உரமெல்லாம் ஆத்தோட போயிடும்” என்றார் பேசிய பெரியவர். ஈச்சங்காடு அதற்கு முந்தைய வாரம்தான் எங்களிடம் சேர்ந்த ஊர். அதற்கு ஃபோல்டர் போட்டிருந்தேன். கான்ஃபிக் ஃபைல் போட மறந்திருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எஃப் ஒன்பதைத் தட்டினேன். ஒரு ஃபைல் திறந்தது. ‘நிறுத்து, 72 மணி நேரம்’ என்று எழுதிச் சேமித்தேன்.

“பாத்தீங்களா, நீங்க போனை வைக்கிறதுக்குள்ள முடிச்சிட்டேன்” என்று அவரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

திறந்தது ஈச்சங்காட்டு ஃபைல் இல்லை. இல்லாத ஃபைல் எப்படித் திறக்கும்? மேக்ரோ ஒரு படி மேலே ஏறிக் கிளை வாய்க்காலின் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. எந்த ஃபைல் என்று திரையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நான் பார்க்கவில்லை. அந்தக் கிளை வாய்க்காலில் மூன்று ஊர். ஈச்சங்காடு நிற்கச் சொன்ன ஊர். இன்னொன்று மேட்டு ஊர், அங்கே தண்ணீர் தானே வடிந்துவிடும். மூன்றாவது வடகோட்டகம். அங்கே நடவு நட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது, நாற்று இன்னும் வேர் பிடிக்கவில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு நெடுமாறன் போன் செய்தான். அவனுடைய அக்காவுக்குப் பிரசவ நேரம், லீவு சொல்லிவிட்டு நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். பின்னால் மழைச் சத்தமும் ஏதோ குழந்தை அழுகிற சத்தமும் கேட்டன.

“அக்கா, இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுது. வடகோட்டகம் மோட்டாரு ஓடுதான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்கக்கா. ஓடலைன்னா நான் பஸ்ஸைப் புடிச்சி வந்துடுறேன்.”

எந்த மோட்டார் ஓடுகிறது, எது நிற்கிறது என்று காட்டும் பக்கம் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஒரு க்ளிக் தூரம். நான் அப்போது வேறு ஒரு சிக்கலில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் பேசுகிறானே என்று எரிச்சல்.

“ஓடுதுப்பா, எல்லாம் ஓடுது. ஆட்டோமேட்டிக்கு வச்சிட்டு அப்பறம் எதுக்கு பயம்? நீ அக்காவைப் பாரு” என்றேன்.

“சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்.”

பார்க்காமலே சொன்னேன். மேக்ரோவில் நடந்தது தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இதை என்னவென்று வைத்துக்கொள்வது?

மழை செவ்வாய்க்கிழமையும் விடவில்லை. வடகோட்டகத்து மோட்டார் கொட்டகை ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி, ஆற்றங்கரையில் இருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஊர் நம்பியிருந்தது. சாயங்காலம் யாரோ குடையோடு போய்ப் பார்த்தால் கொட்டகையில் சத்தமே இல்லை, பூட்டியிருக்கிறது. பூட்டை உடைக்கலாம் என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஊர் விவசாய சங்கத் தலைவர் தங்கமணி மாமா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவர் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். “பூட்டை ஒடைச்சா கம்பெனிக்காரன் கை கழுவிடுவான். சாவி வச்சிருக்கிறவன் வரட்டும்” என்றாராம். ஆபீஸ் மூடிவிட்ட நேரம்; ஊரிலிருந்து போன் போனதும் நெடுமாறன் கிளம்பினான். வழியெல்லாம் ரோட்டில் தண்ணீர், பஸ் இல்லை. புதன்கிழமை காலையில்தான் ஊர் வந்து சேர்ந்தான்.

ஊரே வரப்பில் நிற்க, அவன் பூட்டைத் திறந்தான். பெட்டியில் ஒரு சுவிட்சைத் திருப்பினான். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. அந்தச் சுவிட்சைத் திருப்பினால் கம்ப்யூட்டர் உத்தரவு எதுவும் செல்லாது, மோட்டார் கைக்கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். அதனால் ஓடியது. ஊர் கண்டது வேறு. ‘வந்தான், சுச்சைப் போட்டான், ஓடுச்சு. அப்படின்னா போறப்ப அணைச்சிட்டுத்தான் போயிருக்கான்!’ தண்ணீர் வடிவதற்குள் நாற்று மிதந்து, மடிந்து, நாறிப்போயிற்று. அறுபது மா, அதாவது இருபது ஏக்கர். கடைசிப் பள்ளத்தில் இருந்தது வேம்பு அம்மாவின் ஐந்து மா. அதில் ஒரு பிடி நாற்றுகூடத் தேறவில்லை. தன் அம்மா வயலையே எவனாவது முழுகடிப்பானா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

எனக்கு விஷயம் புதன்கிழமை பத்து மணிக்குத் தெரிந்தது. ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பார்த்தேன். கிளை வாய்க்கால் ஃபைலில், தலைமாட்டிலேயே, என் வரி. பக்கத்து மேசையில் தியாகராசன் சார் போனில் யாரையோ சமாதானம் செய்துகொண்டிருந்தார். ‘சார், ஒரு நிமிஷம்’ என்றால் போதும். நான் அந்த வரியை அழித்தேன். சேமித்தேன். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டம் போட்டு நெடுமாறனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். “அந்தத் தெருவுல குடுத்தா இப்படித்தான் ஆவும்னு நான் அன்னைக்கே சொன்னேன்” என்று ஒருவர் சொன்னாராம். சார் அவனைக் கூப்பிட்டு, ஊர் ஆறுகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அது என் மேசைக்கு நாலடி தள்ளி நடந்தது. நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், சார் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம், பொங்கலுக்குள் ஊரே மறந்துவிடும், இப்படியே தள்ளினேன். சோறு இறங்கவில்லை. வீட்டில் அம்மா, “யாரு மேலடி கோவம், தட்டுல போட்டதை அப்படியே வைக்கிறே?” என்று கேட்டாள். என்ன சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதே சோற்றை எப்படித் தின்பது?

பத்தாவது நாள் நெடுமாறன் ஆபீஸுக்கு வந்தான், கம்பெனி டூல்ஸ் பையைத் திருப்பிக் கொடுக்க. சார் வெளியே போயிருந்தார். பையை என் மேசையோரம் வைத்துவிட்டு நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அக்கா, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு நீங்க பாத்துட்டுத்தானே ஓடுதுன்னு சொன்னீங்க?”

நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இல்ல, நீங்க பாக்காம சொல்ல மாட்டீங்க. அப்பறம் எப்படி நின்னிருக்கும்னு யோசிச்சி யோசிச்சி மண்டை காயுது. திங்கக்கிழமை காலையில அவசரத்துல கெளம்புறப்ப நானே அணைச்சிட்டேனோன்னு தோணுதுக்கா. அணைச்ச மாதிரியே ஞாபகம் வருது. எங்கம்மா வயலை நானே கெடுத்துட்டேன் போலருக்கு.”

அய்யோ! ஊர் பழி போட்டது போதாதென்று, அவனே தன்மேல் பழி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்.

“நெடுமாறா, நீ அணைக்கலை. நான்தான் நிறுத்துனேன்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். எஃப் ஒன்பது மேலே ஏறியது, ஃபைல் பெயரைப் பார்க்காதது, போனில் பார்க்காமலே ஓடுதென்று சொன்னது, வரியை அழித்தது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. என் அழுகையைப் பார்த்து எனக்கே வெறுப்பாக இருந்தது. அழ வேண்டியவன் அழாமல் நிற்கிறான்.

அவன் டூல்ஸ் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பிறகு, “ஊருக்கு வந்து இதைச் சொல்வீங்களா மேடம்?” என்றான்.

நாலு வருஷமாக அக்கா என்று கூப்பிட்டவன்.

“இப்பவே வர்றேன்” என்று எழுந்தேன்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அவன் பைக்குக்குப் பின்னால் போனேன். வடகோட்டகத்தில் கூட்டுறவு சங்கக் கட்டட வாசலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அழுகின வயலில் மறுநடவுக்கு நாற்று எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கமணி மாமா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, “வாம்மா வா, அம்மா நல்லாருக்கா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நெடுமாறன் ரோட்டோரத்தில் பைக் பக்கத்திலேயே நின்றுகொண்டான். வேம்பு அம்மா இடுப்பில் புல்லுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்தவர், மகனைப் பார்த்ததும் நின்றார்.

நான் உட்காரவில்லை. “மாமா, மோட்டாரை நிறுத்துனது நெடுமாறன் இல்லை, நான். ஈச்சங்காட்டுக்குப் போட வேண்டிய உத்தரவை மேல உள்ள ஃபைல்ல போட்டுட்டேன். உங்க ஊரும் சேந்து நின்னுடுச்சி” என்றேன்.

மாமா சிரித்தார். “ஆவட்டும், மொதல்ல தண்ணி குடி. வெயில்ல வந்திருக்கே.”

“மாமா, நெசமாத்தான் சொல்றேன். இந்தா பாருங்க.” லேப்டாப்பைத் திறந்து, எங்கள் எடிட்டர் தானாகச் சேர்த்து வைத்திருந்த பழைய நகலைக் காட்டினேன். ‘நிறுத்து, 72 மணி நேரம்’. தேதி, மணி எல்லாம் இருந்தது. மாமாவின் மகன் பிரபு சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், கம்ப்யூட்டர் தெரியும். குனிந்து பார்த்தான்.

“இது நகலுங்க. அசல் ஃபைல்ல இந்த வரி இல்லையே?”

“அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“பயந்துபோயித்தான்!”

பிரபு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, “தேதியெல்லாம் மாத்தி நகல் தயார் பண்றது பெரிய காரியம் இல்லப்பா” என்றான், ஏதோ என் குட்டு வெளிப்பட்டுவிட்ட மாதிரி அன்பாகச் சிரித்துக்கொண்டு. அந்த வரியை நான் அழிக்காமல் விட்டிருந்தால் அவனுக்கு அன்றைக்குப் பேச்சு இருந்திருக்காது.

“அவன் வந்து சுச்சைப் போட்டதும் ஓடுனதை நாங்க கண்ணால பாத்தோமேம்மா” என்றார் இன்னொருவர்.

“அது கையால ஓட்டுற சுச்சுங்க! அதைப் போட்டா என் உத்தரவு செல்லாது! அதனாலதான் ஓடுச்சு!”

“கத்தாதம்மா, கத்தாதே” என்றார் மாமா. மற்றவர்களிடம் திரும்பினார். “பாத்தீங்களாப்பா? என் தங்கச்சி பொண்ணு. அந்த வயித்துல பொறந்தது வேற எப்படி இருக்கும்? கூட வேலை பாக்குற பய பொழப்பு போயிடுமேன்னு பழியைத் தூக்கித் தன் தலையில வச்சுக்குது.”

“மாமா, உங்களுக்கு என்ன, காது அடைச்சுப்போச்சா? நான்தான்! அவன் போன் பண்ணிக் கேட்டான், நான் பாக்காமயே ஓடுதுன்னு பொய் சொன்னேன்! உங்க நடவை அழிச்சது நான்!”

“கோவத்தைப் பாரு, அப்படியே எங்க பெரியம்மா!” என்று மாமா தொடையில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். திண்டாடிப்போய் நான் ரோட்டோரத்தைப் பார்த்தேன். நெடுமாறன் சிரிக்கவில்லை. நான் ஒவ்வொரு தடவை ‘நான்தான்’ என்று கத்தும்போதும் இவர்கள் கண்ணில் நான் ஒரு படி உயர்ந்துகொண்டிருந்தேன், அவன் ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தான். அது புரிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மாமா தொண்டையைக் கனைத்தார். “சரி. இந்தப் பொண்ணு இவ்வளவு தூரம் வந்து கேக்குது. அது மொகத்துக்காகச் சாவியை அவன்கிட்டயே குடுத்துடுவோம். என்னப்பா சொல்றீங்க?”

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். மாமா மடியிலிருந்து சாவியை எடுத்து, “இங்க வாடா” என்றார். நெடுமாறன் வந்தான். “இந்த ஒரு தடவை மன்னிச்சி விடுறோம். இனிமே அலட்சியமா இருக்கக் கூடாது, தெரிஞ்சுதா?”

அவன் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். வாங்க மாட்டான் என்றுதான் நினைத்தேன், வாங்காதே என்று மனசுக்குள் கத்தினேன். பின்னாலிருந்து வேம்பு அம்மா, “வாங்கிக்கய்யா” என்றார். அந்த ஊரில்தான் அவர்கள் இருந்தாக வேண்டும். அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

“வாங்கிட்டா ஆச்சா? அந்தப் பொண்ணுக்கு ஒரு கும்பிடு போடுடா. அது இல்லைன்னா உனக்கேது சாவி?” என்றார் மாமா.

நெடுமாறன் என் பக்கம் திரும்பினான். உண்மை தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். அவன் என் கண்ணைப் பார்த்தபடி இரண்டு கையையும் கூப்பினான்.

“ரொம்ப நன்றிங்க மேடம்” என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.